'ஒரு மாதிரி' பையன்: ஆஸ்பெர்ஜரை மருத்துவர்கள் கண்டறிவது எப்படி?

ஆலங்குடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பையனை நினைத்துக்கொள்வோம். புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கிக்கும் பேராவூரணிக்கும் போகிற பேருந்துகள் எந்த ஊரை எத்தனை மணிக்குக் கடக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். கணக்கில் நூற்றுக்கு நூறு. புதிதாக வந்த ஆசிரியையிடம், "நீங்கள் நேற்றும் இதே புடவையைத்தான் உடுத்தியிருந்தீர்கள்" என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொல்வான்; அவர் முகம் சுருங்கியது அவனுக்குத் தெரியாது. மதிய இடைவேளையில் மற்றவர்கள் கபடி ஆட, இவன் வேப்பமரத்தைச் சுற்றி ஒரே தடத்தில் நடப்பான். சத்துணவில் முட்டையின் மேல் சாம்பார் பட்டுவிட்டால் தட்டை அப்படியே வைத்துவிடுவான்.

இவன் உண்மையில் வாழும் தனி ஒரு பையன் அல்லன். பெற்றோர்களும் மருத்துவ நூல்களும் சொல்லும் பல பிள்ளைகளின் கூறுகளைச் சேர்த்து நான் வரைந்த படம். ஆனால் இப்படியொரு பிள்ளையைப் பார்த்திராத ஆசிரியர் இருக்க மாட்டார். ஊர் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: "நல்ல கெட்டிக்காரப் பய, ஆனா ஒரு மாதிரி."

'ஒரு மாதிரி' என்பதை 'எந்த மாதிரி?' என்று திருப்பிக் கேட்பதுதான் மருத்துவரின் வேலை. அந்தக் கேள்விக்கு இரத்தப் பரிசோதனையிலோ மூளை ஸ்கேனிலோ விடை கிடையாது. அம்மாவின் நினைவு, ஆசிரியரின் அனுபவம், மருத்துவரின் கண் ஆகிய மூன்றும் ஒன்று சேரும் இடத்தில்தான் விடை உருவாகிறது. ஆகவே அந்தப் பிள்ளை எந்த ஊரில், எந்த மொழியில் வளர்கிறான் என்பதும் அதில் பங்கு வகிக்கிறது.

பெயர் வந்ததும் போனதும்

1943-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தின் பிறப்புச் சான்றிதழாகக் கருதப்படுகிறது. மறு ஆண்டு வியன்னாவின் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர், சரளமாகப் பேசியும் பிற பிள்ளைகளோடு ஒட்டாத சிறுவர்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதினார். இருவருக்கும் முன்பே, 1925-இல், மாஸ்கோவில் குரூன்யா சுகரேவா ஆறு சிறுவர்களிடம் ஏறத்தாழ இதே தன்மைகளைக் கண்டு பதிவுசெய்திருந்தார். அவரை உலகம் வெகுகாலம் கண்டுகொள்ளவில்லை. ஆஸ்பெர்ஜரின் கட்டுரையும் போர்க்காலத்தில் புதைந்துபோயிற்று. 1981-இல் லண்டனின் லோர்னா விங் 34 பேரின் விவரங்களோடு எழுதிய கட்டுரைதான் 'ஆஸ்பெர்ஜர் சிண்ட்ரோம்' என்ற பெயரை ஆங்கில மருத்துவ உலகில் நிலைநிறுத்தியது.

1990-களில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலிலும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-4 கையேட்டிலும் அந்தப் பெயர் ஏறியது. ஆட்டிசத்திலிருந்து அதைப் பிரித்த கோடு எளிமையானது. இரண்டு வயதுக்குள் ஒற்றைச் சொற்கள், மூன்று வயதுக்குள் பொருள் தரும் சிறு தொடர்கள் வந்திருக்க வேண்டும். அறிவுத்திறனில் பின்னடைவு இருக்கக் கூடாது. பேச்சு உரிய காலத்தில் வந்தும் பழகுவது வரவில்லை என்றால் ஆஸ்பெர்ஜர்.

ஆனால் அந்தக் கோடு நடைமுறையில் நிற்கவில்லை. அமெரிக்காவில் 12 பல்கலைக்கழக மையங்களில் 2,102 பேரை ஆராய்ந்து 2012-இல் கேத்தரின் லார்டு குழுவினர் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகைச் சங்கடப்படுத்தியது. ஒரு பிள்ளைக்கு 'ஆட்டிசம்' என்ற பெயர் கிடைக்குமா, 'ஆஸ்பெர்ஜர்' என்ற பெயர் கிடைக்குமா என்பதைப் பிள்ளையின் தன்மையைவிட, அவன் எந்த மையத்துக்குப் போனான் என்பதே அதிகம் முடிவுசெய்தது. 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 ஆஸ்பெர்ஜர் என்ற தனிப்பெயரை நீக்கி, எல்லாவற்றையும் 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்' என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11-உம் அதே வழிதான். முன்பு ஆஸ்பெர்ஜர் என்று எழுதியதை இப்போது 'அறிவுவளர்ச்சிக் குறைபாடு இல்லாத, பேச்சுத்திறன் பெரிதும் பாதிக்கப்படாத ஆட்டிசம்' என்று எழுதுகிறார்கள்.

அந்தப் பெயருக்கு அறக் கறையும் படிந்தது. 2018-இல் ஆஸ்திரிய வரலாற்றாய்வாளர் ஹெர்விக் செக் வெளியிட்ட ஆவணங்கள், நாஜி ஆட்சியில் ஏறத்தாழ 800 குழந்தைகள் கொல்லப்பட்ட 'ஆம் ஸ்பீகல்குருண்ட்' மருத்துவமனைக்கு ஹான்ஸ் ஆஸ்பெர்ஜரே குழந்தைகளை அனுப்பியதைக் காட்டின.

கையேட்டிலிருந்து பெயர் போனாலும் மக்கள் வாயிலிருந்து போகவில்லை. 2010-இல் வந்த 'மை நேம் இஸ் கான்' படத்தின் நாயகனுக்கு இருந்தது ஆஸ்பெர்ஜர். இந்தியாவில் பலர் அந்தச் சொல்லை முதலில் கேட்டது திரையரங்கில்தான்.

மருத்துவர் என்ன கேட்கிறார்?

டிஎஸ்எம்-5 இரண்டு தூண்களை வைக்கிறது. முதலாவது, பழகுவதும் பரிமாறுவதும். கொடுத்து வாங்கும் உரையாடல், முகபாவமும் கையசைவும், வயதுக்கேற்ற நட்பு ஆகிய மூன்றிலும் குறை இருக்க வேண்டும். இரண்டாவது, திரும்பத் திரும்பச் செய்யும் போக்கு. ஒரே அசைவு அல்லது பேச்சு, மாற்றத்தைத் தாங்காத பிடிவாதம், ஒன்றிலேயே மூழ்கும் ஆர்வம், ஒலி, ஒளி, தொடுகை, சுவை ஆகியவற்றில் இயல்பை மீறிய உணர்வு என்ற நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இவை சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். அன்றாட வாழ்வைப் பாதிக்கவும் வேண்டும். சாம்பார் பட்ட முட்டையும் பேருந்து நேரமும் வேப்பமரத் தடமும் இரண்டாம் தூணைச் சேர்ந்தவை. ஆசிரியையின் புடவை முதலாம் தூண்.

பட்டியலைப் படிப்பது எளிது. பிள்ளையிடம் அதைக் காண்பது எளிதல்ல. 'சிறு வயதிலேயே' என்ற நிபந்தனையை நிறைவேற்ற, பதினோரு வயதுப் பையனின் ஒன்றரை வயதை மருத்துவர் தோண்டி எடுக்க வேண்டும். "எப்போது நடந்தான், எப்போது பேசினான்?" என்று கேட்டால் "எல்லாம் நேரத்துக்கு நடந்துச்சுங்க சார்" என்பார் அம்மா. அதில் பொய் இல்லை. ஆஸ்பெர்ஜர் வகையில் அவை நேரத்துக்கே நடக்கும்.

ஆகவே கேள்வி வேறு திசையில் வர வேண்டும். "நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டினீர்களா, அம்மா? விரலை நீட்டியபோது அவன் விரலைப் பார்த்தானா, நிலாவைப் பார்த்தானா? பார்த்துவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தானா? அவனாக எப்போதாவது நாயையோ காக்கையையோ உங்களுக்குக் காட்டினானா?"

இந்த நான்கு கேள்விகளில் ஆட்டிசம் பற்றிய அரை நூற்றாண்டு ஆராய்ச்சி அடங்கியிருக்கிறது. ஒரு பொருளை இருவர் சேர்ந்து பார்ப்பது, 'நீயும் பார்த்தாயா?' என்று முகத்தில் உறுதிசெய்துகொள்வது: இந்தக் கூட்டுக் கவனம் வழக்கமாக ஒன்றரை வயதுக்குள் வந்துவிடும். தண்ணீர் வேண்டும் என்று குடத்தைக் காட்டுவது வேறு. குடத்தின் மேல் உட்கார்ந்த காக்கையை 'பார்' என்று காட்டுவது வேறு. முன்னது தேவை, பின்னது பகிர்வு. ஆட்டிசத்தில் முன்னது இருந்தும் பின்னது குறையும். "கேட்டு வாங்குவான் சார், ஆனா காட்டினதில்லை" என்று அம்மா சொல்லும்போது மருத்துவரின் பேனா ஓடத் தொடங்கும்.

அடுத்தது விளையாட்டு. சொப்பு வைத்துச் சமைத்தானா, அல்லது சொப்புகளை அளவு வாரியாக அடுக்கினானா? கூட்டாஞ்சோறு விளையாட்டில் 'நான் அப்பா, நீ அம்மா' என்று வேடம் ஏற்றானா?

பிறகு பையனோடு நேரடிப் பேச்சு. மேலை நாடுகளில் இதற்கு ஏடாஸ் என்ற முறையான உற்றுநோக்கல் சோதனை இருக்கிறது. கருவிப் பெட்டியும் பயிற்சியும் விலை மிக்கவை என்பதால் பெருநகர மையங்களுக்கு வெளியே அது அரிது. அனுபவமுள்ள மருத்துவர் அதன் சாரத்தைத் தம் பேச்சிலேயே செய்கிறார். "எனக்கு நேற்றெல்லாம் ஒரே தலைவலி" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார். பிற பிள்ளைகள் "ஏன் சார்?" என்பார்கள். இவன் விட்ட இடத்திலிருந்து பேருந்து நேரத்தைத் தொடர்வான். "உன் நண்பனுக்குக் கை நீளம் என்றால் என்ன?" என்று கேட்டால் அளந்து பார்க்க வேண்டும் என்பான்.

சோதனை அறையில் இவர்கள் தேறிவிடுவதும் உண்டு. 1985-இல் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, யூட்டா ஃப்ரித் மூவரும் நடத்திய பொம்மைச் சோதனை புகழ்பெற்றது. ஒரு பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டுப் போகும்; மற்றது அதை எடுத்துப் பெட்டியில் ஒளிக்கும். திரும்பி வரும் பொம்மை எங்கே தேடும்? ஆட்டிசமுள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் 'பெட்டியில்' என்றார்கள். பிறர் மனத்தில் இருப்பதை ஊகிக்க அவர்களால் இயலவில்லை. ஆனால் மொழித்திறன் மிக்க ஆஸ்பெர்ஜர் வகையினரில் பலர் இக்கேள்விக்குச் சரியாகவே விடை சொல்கிறார்கள். கணக்குப் போடுவதுபோல் யோசித்துச் சொல்ல அவகாசம் இருக்கிறது. கபடி மைதானத்தில் அந்த அவகாசம் இல்லை.

தமிழில் எப்படித் தெரியும்?

கையேடுகள் மேற்கில் எழுதப்பட்டவை. அடையாளங்கள் இங்கே வேறு உடை உடுத்தி வரும். கண்ணைப் பார்த்துப் பேசாமை ஒரு முக்கிய அறிகுறி. ஆனால் பெரியவர் முன் தலை தாழ்த்தி நிற்பது நம்மிடம் மரியாதை. மருத்துவரின் கண்ணைப் பார்க்காத பையனைவிட, தன் வயதுப் பிள்ளைகளின் கண்ணையும் பார்க்காத பையன்தான் கவனிக்க வேண்டியவன். இதை அறையில் காண முடியாது. விசாரித்துத்தான் அறிய வேண்டும்.

இன்னொன்று பேச்சு நடை. இவர்கள் பெரியவர்களைப்போல், புத்தகம் படிப்பதுபோல் பேசுவார்கள் என்று ஆஸ்பெர்ஜர் காலத்திலிருந்தே எழுதுகிறார்கள். எழுத்தும் பேச்சும் ஏறத்தாழ இரண்டு மொழிகளாக இருக்கும் சமூகத்தில் இது எப்படி வெளிப்படும்? துனிசியாவில் ஆட்டிசமுள்ள சில குழந்தைகள் வீட்டில் யாரும் பேசாத ஏட்டு அரபியைப் பேசுவதை மிக்கைல் கிசீன் குழுவினர் 2019-இல் பதிவுசெய்தனர். தாயின் பேச்சிலிருந்து வராத மொழியை அவர்கள் தொலைக்காட்சியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். தமிழும் அரபியைப்போல் இரட்டை வழக்கு மொழி. ஆலங்குடியில் "வந்துட்டாக, போயிட்டாக" என்று பேசும் வீட்டில் ஒரு பிள்ளை மட்டும் செய்தி வாசிப்பவரைப்போல் "வந்துவிட்டார்கள்" என்றால், நாம் கைதட்டி மேடை ஏற்றுகிறோம். பேச்சுப் போட்டிப் பரிசும் கிடைக்கும். தமிழ் தெரிந்த மருத்துவர் அங்கே ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும்: கூடப் படிக்கிறவனோடு பேசும்போதும் இப்படித்தானா? ஆள் பார்த்து நடையை மாற்றத் தெரியுமா?

உறவுச் சொற்களும் அப்படியே. சித்தப்பாவை 'முருகேசன்' என்று பெயர் சொல்லி அழைப்பதும், தலைமையாசிரியரை 'நீ' என்பதும் வளர்ப்பின் குறையாக முடிந்துவிடுகின்றன. அடி வாங்கித் தருகின்றன. யார் யாருக்கு எந்த இடம் என்பதைப் பிற பிள்ளைகள் சொல்லிக்கொடுக்காமலே பிடித்துக்கொள்கிறார்கள். இவனுக்கு ஒவ்வொன்றையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்றால் அதுவும் ஒரு தடயம்.

பெண்பிள்ளைகளிடம் நிலைமை இன்னும் கடினம். 2017-இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று, ஆட்டிசத்தில் ஆண்-பெண் விகிதம் பழைய நூல்கள் சொன்ன நான்குக்கு ஒன்றைவிட மூன்றுக்கு ஒன்றுக்கு நெருக்கமானது என்றது. பல பெண்கள் கண்டறியப்படாமலே போகிறார்கள் என்பது அதன் பொருள். தோழியின் சிரிப்பையும் கையசைப்பையும் பார்த்து அப்படியே செய்து சமாளிப்பவர்கள் அவர்கள். நம் ஊரில் அவர்களுக்கு இன்னொரு திரையும் உண்டு. யாரோடும் பேசாமல் மூலையில் புத்தகத்தோடு இருக்கும் பெண்ணை 'அடக்கமான பிள்ளை' என்று பாராட்டுகிறோம்.

எண்களின் வரம்பு

அறிவுத்திறன் சோதனை தனியே நடக்கும். பினே-காமத், மாலின் அளவுகோல்கள் இந்தியாவில் நெடுங்காலமாகப் புழங்குபவை. அதைவிட முக்கியமானது வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோல். எவ்வளவு தெரியும் என்பதை விட்டு, தானாக என்ன செய்கிறான் என்று அது கேட்கிறது. கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கி வருவானா? தனியாகப் பேருந்தில் போவானா? பேருந்து நேரமெல்லாம் ஒப்பிக்கும் நம் பையன், "எங்கப்பா போகணும்?" என்று நடத்துநர் கேட்டதும் உறைந்துபோகிறான். அறிவுக்கும் அன்றாடத்துக்கும் நடுவே விழும் இந்தப் பள்ளம் மருத்துவருக்கு எந்த மதிப்பெண்ணைவிடவும் அதிகம் சொல்லும்.

சான்றிதழ் என்று வரும்போது இந்திய ஆட்டிசம் அளவுகோலான 'இசா' வருகிறது. செகந்திராபாத்தில் உள்ள தேசிய மனவளர்ச்சி நிறுவனம் உருவாக்கியது. ஆறு பிரிவுகளில் 40 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆக எந்தப் பிள்ளைக்கும் குறைந்தது 40, அதிகம் 200. 70-க்குக் கீழ் என்றால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது. 107 முதல் 153 வரை நடுத்தரம். அதற்கு மேல் தீவிரம்.

நம் பையனை இதில் நிறுத்திப் பார்ப்போம். பேச்சுப் பிரிவில் ஒன்பது கூற்றுகள். வந்த பேச்சு மறைந்துபோனதா, பொருளற்ற ஒலிகள் எழுப்புகிறானா, சொன்னதையே எதிரொலிக்கிறானா என்பவற்றிலெல்லாம் அவனுக்கு 1-தான். உரையாடலைத் தொடர இயலாமை, சொல்லின் உள்பொருள் பிடிபடாமை போன்ற ஓரிரண்டில்தான் மதிப்பெண் ஏறும். 70-ஐத் தொட, குறைந்தபட்ச 40-க்கு மேல், மீதிப் பிரிவுகளிலிருந்து அவன் முப்பதுக்கு அருகே திரட்ட வேண்டும். அன்று அவன் அமைதியாக இருந்து, அம்மாவும் "வீட்ல ஒரு தொந்தரவும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டால் 65-இல் நின்றுவிடுவான். பேசாத பிள்ளையைக் கண்டறிவதில் கூர்மையான கருவி, பேசும் பிள்ளையிடம் மழுங்குகிறது. அந்த ஐந்து மதிப்பெண்ணில் சட்டப் பயன் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. சலுகைகளில் பலவற்றுக்கு 40 விழுக்காட்டுச் சான்று வேண்டும். அது தொடங்கும் இடம் இசாவின் 70.

மறுபக்கமும் உண்டு. ஒட்டாத பிள்ளைகளெல்லாம் ஆட்டிசம் அல்ல. காது சரியாகக் கேட்காத பிள்ளையும் ஒதுங்கியே இருக்கும். ஆகவே செவித்திறன் சோதனை முதலிலேயே தேவை. சமூக அச்சம் உள்ளவனுக்குப் பழகத் தெரியும், பயம் தடுக்கும். எண்ணச் சுழற்சி நோய் உள்ளவன் தன் சடங்குகளால் துன்பப்படுவான். ஆட்டிசம் உள்ளவனுக்கு அவை ஆறுதல். கவனக்குறைவும் துடிதுடிப்பும் உள்ளவன் முறை வரும்வரை பொறுக்காமல் பேசுவான், ஆனால் முகம் படிக்கத் தெரியும். இவற்றில் ஒன்று ஆட்டிசத்தோடு சேர்ந்தே இருப்பதும் சாதாரணம். ஒரே சந்திப்பில் முடிவு சொல்லாத மருத்துவரைக் குறை சொல்லக் கூடாது.

மாவட்டத்தின் வலை

நம் பையனின் மாவட்டம் புதுக்கோட்டை; 2011 கணக்கெடுப்பில் 16 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த அங்கே 13 ஊராட்சி ஒன்றியங்கள். 2013-இல் நாடு முழுதும் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் போக வேண்டும். பார்க்க வேண்டிய 30 நிலைகளில் ஆட்டிசமும் ஒன்று. சந்தேகம் வந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். 2017-இல் புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. மனநலப் பிரிவுக்காகத் திருச்சிக்கோ தஞ்சைக்கோ போக வேண்டிய கட்டாயம் குறைந்தது.

வலை இருக்கிறது, கண்ணிகளின் அளவுதான் கேள்வி. இடையீட்டு மையங்களின் முதல் கவனம் ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள்மேல். பேச்சு தாமதமான குழந்தைக்கு அது சரியான வயது. பேச்சு நேரத்துக்கு வந்த பையனின் சிக்கல் தெரியத் தொடங்குவதோ பள்ளியில், நட்பு என்பது ஓடிப்பிடிப்பதிலிருந்து இரகசியம் பகிர்வதாக மாறும் எட்டு, ஒன்பது வயதில். ஆண்டுக்கு ஒருமுறை வரும் குழு, பல்லும் கண்ணும் எடையும் பார்த்துக் கடக்கும் சில நிமிடங்களில், கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொல்லும் பையனிடம் எதைக் காணும்? அரசு ஆவணங்களில் ஆட்டிசத்துக்கு வழங்கும் பெயர் 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்'. பேருந்து நிலையத்தையே தலையில் சுமந்து திரியும் பையனைப் புற உலகச் சிந்தனை அற்றவன் என்று எந்தத் தாய் நம்புவாள்? பெயரே அவளை வழிமறிக்கிறது.

ஆக இந்தப் பிள்ளையைக் கண்டறியும் முதல் ஆள் வகுப்பாசிரியர்தான். மருத்துவர் அவனை அரை மணி நேரம் பார்க்கிறார். ஆசிரியர் ஆண்டில் இருநூறு நாள். மருத்துவரிடம் போகும்போது பெற்றோர் கையில் இருக்க வேண்டியது ஆசிரியரின் ஒரு பக்கக் குறிப்பு. 'கவனம் இல்லை', 'பிடிவாதம்' என்ற தீர்ப்புகள் அதில் வேண்டாம். இடைவேளையில் எங்கே நிற்கிறான், அணி பிரிக்கும்போது யார் அவனை எடுக்கிறார்கள், பாடவேளை மாறினால் என்ன செய்கிறான், கேலியைக் கேலி என்று அறிகிறானா என்று நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். வட்டார வள மையங்களின் சிறப்புப் பயிற்றுநர்கள் அதை எழுதக் கற்றுத்தர முடியும்.

கண்டறிந்து என்ன பயன், மருந்தா இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஆட்டிசத்துக்கு மருந்து இல்லை. அது குணமாக்க வேண்டிய நோயும் அல்ல. ஆனால் பெயர் கிடைத்த நாளிலிருந்து அவன் வாங்கும் அடி நிற்கலாம். தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கலாம். முகம் படிப்பதைப் பாடமாகவே சொல்லித்தரலாம். பதின்ம வயதில் இவர்களைப் பிடிக்கும் பதற்றத்தையும் மனச்சோர்வையும் முன்கூட்டியே கவனிக்கலாம். மகனுக்காக மருத்துவர் கேட்ட கேள்விகளில் தன் சிறுவயதை அடையாளம் கண்டுகொண்டு அமைதியாகிவிடும் அப்பாக்களும் உண்டு.

நம் பையன் பேருந்து நேரம் சொல்வதைக் கேட்க டீக்கடையில் ஒரு கூட்டமே இருக்கும். "அறந்தாங்கி வண்டி எத்தன மணிக்குடா?" என்று கேட்டுச் சிரித்து, ஒரு வடையும் வாங்கிக் கொடுப்பார்கள். அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர், "அந்த வண்டியில நீ தனியாப் போயிருக்கியாப்பா?" என்று கேட்டுவிட்டால், கண்டறிதல் அங்கேயே தொடங்கிவிடும்.